மூன்று குவியலைக் கலந்து போட்டால் ரெக்கவரி ஏறுமா?

4 மார்ச் 2023 – வாசகர் கேள்வி

எங்கள் தங்க ஆலையில் கிரஷருக்கு முன்னால் மூன்று தாதுக் குவியல்கள் கிடக்கின்றன. ஒன்று சிவப்பு மண் மாதிரி ஆக்சைடு. ஒன்று கறுப்பு ஷேல் (களிமண் இறுகிய பாறை) கலந்தது. மூன்றாவது ஆழத்திலிருந்து வந்த புதுப் பாறை. "மூன்றையும் கலந்தே போடு, ரெக்கவரி ஏறும்" என்கிறார் மேலதிகாரி, அதாவது தாதுவில் உள்ள தங்கத்தில் கையில் கிடைக்கும் பங்கு கூடுமாம். எனக்கு விளங்கவில்லை சார். கலந்தாலும் தனித்தனியாகப் போட்டாலும் சராசரி சராசரிதானே? புதிதாகத் தங்கம் எங்கிருந்து வரும்? வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, எதிர்த்துப் பேசவும் பயமாக இருக்கிறது.

5 மார்ச் 2023

மேலதிகாரி சொல்வதுதான் சரி. சின்னக் கணக்கு ஒன்று போடுகிறேன். டன்னுக்கு 1 கிராம் தங்கம் உள்ள கல், 5 கிராம் உள்ள கல், இரண்டும் சம அளவு. எதைப் போட்டாலும் டெயிலில், அதாவது வெளியேறும் கழிவில், டன்னுக்கு 0.3 கிராம் மிஞ்சிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஓட்டினால் முதலாவதில் ரெக்கவரி 70 சதவீதம், இரண்டாவதில் 94. சராசரி 82. கலந்து ஓட்டினால் ஹெட் கிரேடு (உள்ளே போகும் தாதுவில் டன்னுக்கு உள்ள தங்கம்) 3, டெயில் அதே 0.3, ரெக்கவரி 90. எட்டுப் புள்ளி லாபம். மேலதிகாரிக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள் தம்பி.

6 மார்ச் 2023, காலை

காபியை நிறுத்துங்கள்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. 70-ஐயும் 94-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறேன். தனியாக ஓட்டினால் கிடைப்பது 0.7-ம் 4.7-ம் சேர்ந்து 5.4 கிராம். உள்ளே போனது 6. அதுவும் 90 சதவீதம்தான். கலந்ததால் ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. கூட்ட வேண்டியது தங்கத்தை, நான் கூட்டியது சதவீதத்தை.

பதினோரு வருடமாக மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்கூர்லிப் பக்கம் மாதக் கடைசி அறிக்கை எழுதுகிறவன் இப்படிச் சறுக்கலாமா என்றால், சறுக்கியிருக்கிறேன், இது முதல் தடவையும் இல்லை. மேலே உள்ளதை அழிக்கவில்லை. "கலந்து போட்டோம், ரெக்கவரி எட்டுப் புள்ளி ஏறியது" என்று யாராவது பவர்பாயிண்ட் காட்டினால் முதலில் இந்த ஓட்டையைத் தேடுங்கள்.

அப்படியானால் தம்பி சொன்னது சரியா? அதுவும் முழுசாக இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன்.

6 மார்ச் 2023, இரவு

ஒரு கல்லுக்குள் தங்கம் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படித்தான் வெளியே வரும். பக்கத்தில் பணக்காரக் கல் வந்து நின்றது என்பதற்காக ஏழைக் கல் கூடுதலாக எதையும் விட்டுக்கொடுக்காது. இதுவரை தம்பியின் கட்சி.

ஆனால் இரண்டு கல்லும் ஒரே தொட்டியில் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன. அந்தத் தண்ணீரில் தங்கத்தைக் கரைக்கும் சயனைடு, அதற்கு வேண்டிய கரைந்த ஆக்சிஜன், சயனைடு வாயுவாகிப் போகாமல் தடுக்கும் சுண்ணாம்பு எல்லாம் பொதுச் சொத்து. அரைக்கும் மில்லுக்குள் இடம் பொது. தொட்டிகளில் இருக்கும் இருபது, முப்பது மணி நேரமும் பொது. ஒருத்தன் பொதுவில் கை வைத்தால் மற்றவனுக்குக் குறையும். கலப்பதால் ரெக்கவரி மாறுகிறது என்றால் இந்த வழியாகத்தான் மாற முடியும், ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. ஆகவே கேட்க வேண்டியது "கலக்கலாமா" என்றில்லை. எந்தக் குவியல் பொதுச் சொத்தில் எதைத் தின்கிறது என்று கேளுங்கள்.

12 மார்ச் 2023

கறுப்பு ஷேல் என்று படித்தபோதே வயிற்றைக் கலக்கியது. கேள்வியின் நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஷேலில் இருப்பது இயற்கைக் கரி. சயனைடில் கரைந்து வந்த தங்கத்தை அது தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிரெக்-ராபிங் என்று தொழிலில் சொல்வது இந்தத் திருட்டைத்தான். தன்னுடைய தங்கத்தை மட்டும் பிடித்துவைத்தால் பரவாயில்லை. பக்கத்து ஆக்சைடு நல்லபிள்ளையாகக் கரைத்துக் கொடுத்ததையும் சேர்த்து அமுக்கிவிடும். நெவாடாவில் கார்லின் பக்கத்துத் தாதுக்களில் இந்த நோய் முற்றிப்போய், கரியை முதலில் எரித்துவிட்டுத்தான் சயனைடுக்கு அனுப்ப வேண்டும் என்று வறுக்கும் உலைகளே கட்டியிருக்கிறார்கள்.

என் அனுபவம்: 2016-இல் ஒரு சின்ன ஆலையில் பாட்டில் சோதனை (பொடித்த தாதுவைச் சயனைடு தண்ணீரோடு பாட்டிலில் உருட்டிப் பார்ப்பது) செய்தோம். ஆக்சைடு தனியாக 91 சதவீதம் கொடுத்தது, ஷேல் தனியாக 38. கிரேடு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எண்பதுக்கு இருபது கலந்தால் கணக்குப்படி 80 சொச்சம் வர வேண்டும். வந்தது 69. பதினோரு புள்ளியைக் காணோம். தம்பியின் சராசரி அன்று காலையிலேயே செத்துப்போனது.

13 மார்ச் 2023

நேற்றைய கதையில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போனது. அந்த 69, பாட்டிலில் நாங்கள் கார்பன் போடாமல் செய்தது. ஆலைத் தொட்டியில், கரைந்த தங்கத்தை நமக்காகப் பிடித்துக்கொள்ளும் கார்பன் இருக்கும். கார்பனோடு திரும்பச் செய்தபோது 77 வந்தது. அந்த எட்டுப் புள்ளியும் போட்டியில் நம் கார்பன் ஜெயித்துக் கொண்டுவந்தது.

அந்தக் கார்பன் கொட்டாங்குச்சியைச் சுட்டுச் செய்வது, தெரியுமோ? இங்கே வந்து இறங்கும் சாக்குகளில் இலங்கை என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு அற்ப சந்தோஷம். பாலைவனத்துக்கு நடுவில் ஆஸ்திரேலியக்காரனின் தங்கத்தைத் திருடனிடமிருந்து காப்பாற்றுவது நம்மூர்ப் பக்கத்துத் தேங்காய்.

ஆகவே சோதனை செய்தால் கார்பனோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, இரண்டும் செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் திருடனின் பலம்.

26 மார்ச் 2023

தம்பியின் தனி மடலில் புதிய தகவல்: ஆக்சைடுக்கும் புதுப் பாறைக்கும் இடைப்பட்ட மட்டத்துத் தாதுவையும் மூன்றாவது குவியலில்தான் கொட்டுகிறார்களாம், செம்பு கொஞ்சம் உண்டாம். இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா ஐயா!

செம்பில் எந்தக் கனிமம் என்பதுதான் கேள்வி. சால்கோபைரைட் என்றால் பயமில்லை, சயனைடில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் கரையும். மாலகைட், அசுரைட், சால்கோசைட் என்றால் தொண்ணூறு பங்கு வரை கரைந்து தொலைக்கும். இடைமட்டத்தில் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான் குடியிருக்கும். கரையும் செம்பு ஒரு கிலோ இருந்தால் குறைந்தது 2.3 கிலோ சயனைடைக் கட்டிப்போடும். ஒரு டன் தாதுவில் கரையும் செம்பு 0.1 சதவீதம் என்றால் ஒரு கிலோ. செம்பில்லாத தாது டன்னுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ சயனைடில் வேலையை முடித்துக்கொள்ளும் இடத்தில், இது தனியாகவே 2.3 கேட்கும். தனியாக ஓட்டினால் ஆய்வக முடிவு கைக்கு வருவதற்குள் தொட்டியில் சயனைடு வற்றி, தங்கம் கரைவது நின்றுவிடும். சயனைடு குறைந்த தண்ணீரில் செம்பு கார்பன் மேலும் ஏறி உட்கார்ந்து தங்கத்தின் இடத்தைப் பிடிக்கும். பத்தில் ஒரு பங்காகக் கலந்தால் கூடுதல் தேவை டன்னுக்குக் கால் கிலோ கூட இல்லை, ஆபரேட்டர் சமாளித்துவிடுவார்.

இங்கே கலப்பது உண்மையாகவே தங்கத்தைக் காப்பாற்றுகிறது. மேலதிகாரிக்குப் பாதிக் காபி.

கவனியுங்கள், ஷேலுக்கும் செம்புக்கும் ஒரே மருந்தில்லை. செம்பை மெல்லிசாகப் பரப்பினால் அடங்கும். ஷேலை மெல்லிசாகப் பரப்பினால் அதற்குத் திருட நிறைய வீடு கிடைக்கும்.

2 ஏப்ரல் 2023

அரைப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் ஏன் தனித்தனியாக ஆட்டுகிறோம்? சேர்த்துப் போட்டால் ஒன்று கூழாகும், மற்றது நொய்யாக நிற்கும். மில்லிலும் அதே கதை. சிவப்பு மண் சேறாகிவிடும், பாறை கரடாகவே வெளியே வரும். ஆனால் அளவு எடுத்தால் "எண்பது சதவீதம் 106 மைக்ரானுக்குக் கீழே" என்று இலக்கு அழகாகத் தெரியும். அந்த எண்ணுக்குள் சேறு எவ்வளவு, கரடு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. பாறைக்குள் இருந்த தங்கம் கரட்டோடு டெயிலுக்குப் போயிருக்கும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வெறும் மண்ணை மட்டும் போட்டால் குழம்பு கெட்டியாகி, கார்பனும் ஆக்சிஜனும் அதற்குள் நகர முடியாமல் திணறும். பெரிய மில்லில் கல்லைக் கல்லே உடைக்க வேண்டும், மண்ணிடம் அந்த வேலை நடக்காது. அதனால் இங்கே எல்லா ஆலையிலும் மண்ணுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு பாறையோடு கலந்துதான் விடுகிறோம். வரம்பு எவ்வளவு என்றால், அந்தந்த ஊர்க் களிமண்ணைப் பொறுத்தது.

உளுந்து, அரிசி என்று எழுதியதில் பசி வந்துவிட்டது.

16 ஏப்ரல் 2023

கலப்பது யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. ஸ்ப்ரெட்ஷீட் இல்லை, லோடர் ஓட்டுகிறவர்.

இங்கே கிரஷர் முன் உள்ள மேட்டுக்கு ரோம் பேட் என்று பெயர். கிரேடு வாரியாக, விரல் விரலாகத் தாதுவை நீளக் கொட்டி வைப்பார்கள், பெயரும் ஃபிங்கர்தான். "நாலாம் விரலில் மூன்று பக்கெட், ஏழாம் விரலில் ஒன்று" என்று மெட்டலர்ஜிஸ்ட் சீட்டு எழுதிக் கொடுப்பார். கலவை என்று நாம் பெருமையாகச் சொல்வது அவ்வளவுதான்.

ஒரு ஆலையில் ஹெட் கிரேடு தினமும் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. ஆறு வாரம் காரணம் தேடினேன். சாம்பிளரைக் கழற்றினேன், ஆய்வகத்தோடு சண்டை போட்டேன், மண்ணியல் ஆளை முறைத்தேன். கடைசியில் பார்த்தால் கிரிப், அதாவது இங்கே சாப்பாட்டு இடைவேளைக்குச் சொல்லும் பேர். சாப்பிடப் போகும்போது, கிரஷருக்குத் தாது விழும் பெட்டி (பெயர் பின்) காலியாகிவிடக் கூடாது என்று, பக்கத்திலேயே இருக்கும் விரலிலிருந்து எட்டுப் பத்து பக்கெட் தொடர்ந்து அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்தில் இருந்தது ஏழாம் விரல். தூரத்தில் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

அதே ஆலையில் லோடர் ஓட்டிய ஒரு அம்மா, வயது அறுபதை நெருங்கும், என் சீட்டை ஒருநாளும் முழுசாக மதித்ததில்லை. ஈர மண்ணை இரண்டு பக்கெட் போட்டால் உலர்ந்த பாறை ஒன்று போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும் என்பார். சீட்டில் கிரேடு இருக்கும், ஈரம் இருக்காது. அவர் ஷிஃப்டில் அடைப்பும் குறைவு, டெயிலும் ஆடாது. கொஞ்ச நாள் கழித்து அவரைக் கேட்டுத்தான் சீட்டே எழுதினேன்.

17 ஏப்ரல் 2023

ஏற்ற இறக்கத்தால் என்ன கெட்டுப்போயிற்று, மாதச் சராசரி ஒன்றுதானே என்று தம்பி கேட்கிறார். சரியான கேள்வி.

வழக்கமாக 1.5 கிராம் வரும் ஆலையில் ஒரு நாள் முழுக்க 6 கிராம் தாது வந்தது. நிலத்தடிச் சுரங்கத்தின் சின்ன லாட். கார்பன் நிரம்பிப் போனது. அதைக் கழுவி எடுக்கும் வேகம் நாளுக்கு இத்தனை டன் என்று நிர்ணயமான வேகம், அவசரத்துக்கு ஏறாது. கரைந்த தங்கம் ஒட்ட இடமில்லாமல் கடைசித் தொட்டியைத் தாண்டி டெயில் அணைக்குப் போயிற்று. பிறகு 1 கிராம் தாது வந்த நாட்களில் கார்பன் காலியாக நின்றது. முன்பு போனதை அது திரும்பக் கொண்டுவரப் போவதில்லை. அதே தாதுவைப் பத்து நாளுக்குப் பரப்பிக் கலந்திருந்தால் ஒன்றும் போயிருக்காது. ஆலைக்கு எல்லை உண்டு, எல்லைக்கு மேலே போனால் இழப்பு வேகமாகும். கலவை அந்த உச்சியை வெட்டுகிறது. 6 மார்ச் குறிப்பில் பொதுச் சொத்து என்று பட்டியல் போட்டபோது கார்பனில் உள்ள இடத்தைச் சேர்க்க மறந்திருக்கிறேன்.

என் முதல் வேலை அரியலூரில், சிமெண்டில். அங்கே சுண்ணாம்புக்கல்லை ஸ்டாக்கர் முன்னும் பின்னும் நடந்து நூற்றுக்கணக்கான அடுக்காகக் கூரை மாதிரிக் கொட்டும், ரீகிளைமர் குறுக்கே சீவி எடுக்கும். பரோட்டாவைக் குறுக்கே பிய்ப்பது மாதிரி, ஒவ்வொரு வாயிலும் எல்லா அடுக்கும். நானூறு அடுக்கு என்றால் ஏற்ற இறக்கம் இருபதில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்று கணக்கு சொல்லும், வர்க்கமூலம். நடப்பில் பத்தில் ஒன்று வந்தாலே சந்தோஷப்பட வேண்டும், ஏனென்றால் அடுத்தடுத்த அடுக்குகள் ஒரே குவாரி முகத்திலிருந்து வருகிற அண்ணன் தம்பிகள். தங்கத்துக்கு வந்தபோது இந்த யந்திரமெல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு லோடரும் ஒரு சீட்டும் இருந்தன.

7 மே 2023

தம்பி அவர் ஆலைக் குவியலின் படம் அனுப்பினார். நன்றி. உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: பெரிய கல்லெல்லாம் உருண்டு அடிவாரத்தில் கிடக்கிறது, பொடி நடுவில் நிற்கிறது. உச்சியிலிருந்து கொட்டினால் எந்தக் குவியலும் இப்படித் தானாகவே பிரிந்துகொள்ளும். தங்கம் பல தாதுக்களில் பொடிப் பக்கம் கூடுதலாக இருக்கும். நீங்கள் கலந்து கொட்டியதைக் குவியல் பிரித்து வைத்துவிட்டது. ஓரத்திலேயே அள்ளினால் ஒரு வாரம் கரடு, அப்புறம் ஒரு வாரம் பொடி. முகத்தின் அகலம் முழுக்க, அடியிலிருந்து மேல்வரை அள்ளச் சொல்லுங்கள். சாம்பிளையும் அடிவாரத்தில் நின்று மண்வெட்டியால் எடுக்காதீர்கள், வசதியான இடம்தான், அதனாலேயே எல்லோரும் அங்கே எடுக்கிறார்கள்.

படத்தில் வலப்பக்கம் துரு நிறத்தில் ஒரு பழைய மேடு தெரிகிறதே, அது என்ன?

9 மே 2023

நினைத்தேன். ஏழு வருடப் பழைய சல்ஃபைடு மேடு, "கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து காலி செய்யலாம்" என்று திட்டமாம்.

குவியல் சும்மா கிடப்பதில்லை. பைரோடைட், பைரைட் எல்லாம் காற்றும் மழையும் பட்டு ஆக்சிஜனேற்றமாகும், அமிலம் ஊறும். தொட்டிக்கு வந்தால் ஆக்சிஜனையும் சுண்ணாம்பையும் முதலில் அதுதான் சாப்பிடும், சுண்ணாம்பு குறைந்தால் பிஎச், அதாவது காரத்தன்மை, இறங்கும். நல்ல தண்ணீரில் பிஎச் 9.2 அளவில் சயனைடில் பாதி, வாயுவாகக் கிளம்பக்கூடிய வடிவத்தில் நிற்கும். கால்கூர்லியில் நிலத்தடி நீர் கடலைவிட உப்பு, மெக்னீசியம் தடுப்பதால் பிஎச்சை ஏற்றவே முடியாமல் அந்த எல்லையிலேயே தள்ளாடிக்கொண்டு ஓட்டுகிறோம். அதில் ஒரு பழைய மேட்டைக் கலந்த வாரம், சயனைடு செலவு எகிறியதைப் பார்த்து யாரோ வால்வு கசிகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இங்கே மழை வருடத்துக்கு 260 மில்லிமீட்டர் அளவுதான், அதிலேயே இந்த நிலை.

தாதுப் பொடியைக் காற்றுக் குமிழில் ஒட்டவைத்துப் பிரிக்கும் மிதப்பு ஆலையானால் இன்னும் மோசம். சல்ஃபைடின் மேற்பரப்பு கெட்டுவிட்டால் குமிழில் ஒட்டாது. அதற்குக் கலவை வைத்தியம் ஆகாது.

10 மே 2023

ஒரு நண்பர்: "எல்லாரும் தங்கத்தின் கிரேடுக்குத்தான் கலக்கிறார்களா?" இல்லை. பாப்புவா நியூ கினியில் லிஹிர் தீவு, எரிமலை வாய்க்குள்ளேயே சுரங்கம், 1997 முதல் ஓடுகிறது. அங்கே தாதுவை ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் அழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குத் தங்கம் முக்கியமில்லை, கந்தகம் முக்கியம். கந்தகம் கூடினால் ஆக்சிஜன் போதாது, குறைந்தால் சூடு போதாது. ஆகவே கலவைச் சீட்டில் முதல் வரி கந்தகம். உங்கள் ஆலையில் முதல் வரி என்னவாக இருக்க வேண்டும்? கரி என்பது என் ஊகம்.

18 ஜூன் 2023

கொஞ்சம் வழி தவறிப் போகிறேன், மன்னிக்கவும். கால்கூர்லியில் 1893-இல் தங்கம் கண்டார்கள். 1896-இல்தான் டெலுரைடு என்ற கனிமத்திலும் தங்கம் இருக்கிறது என்று புரிந்தது. அதுவரை அந்தக் கல்லைக் குப்பை என்று தெருக்குழிகளில் கொட்டியிருந்தார்கள், பிறகு தெருவைத் தோண்டினார்கள் என்று ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சொல்ல வந்தது: குவியல் மேல் நட்ட பலகையை நம்பாதீர்கள். "லோ கிரேடு" என்று எழுதியது எந்த வருடம், அன்று தங்கம் என்ன விலை? 2001-இல் அவுன்ஸ் 270 டாலர் பக்கம். 2020-இல் 2,000-ஐத் தாண்டியது. பலகை அதே பலகை. திரும்பச் சாம்பிள் எடுக்காமல் பழைய எண்ணைக் கலவைச் சீட்டில் போடுவது ஜாதகத்தை வைத்து ரத்தப் பரிசோதனை முடிவு எழுதுவது மாதிரி.

இன்னொன்று, இதை மேலதிகாரிகள் ரசிக்க மாட்டார்கள். மில் நிரம்பி ஓடும் ஆலையில் ஒரு டன் மட்டமான தாதுவைக் கலந்தால் ஒரு டன் நல்ல தாது வெளியே காத்திருக்கிறது. ரெக்கவரி அசையாமல் இருந்தாலும் இந்த மாதத் தங்கம் குறையும். நல்லதை முதலில் ஓட்டு, மட்டத்தை ஒதுக்கி வை என்று சுரங்கத் திட்டக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒதுக்கி வைத்தது துருப்பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை (9 மே).

23 ஜூலை 2023

தம்பி பாட்டில் சோதனை செய்து அனுப்பியிருக்கிறார், அவர் அனுமதியோடு சுருக்கம். ஆக்சைடும் மூன்றாம் குவியலும் கலந்தது, கணக்கும் சோதனையும் ஒரு புள்ளிக்குள் ஒத்துப்போனது. கறுப்பை நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்ததும் கார்பனோடு நான்கு புள்ளி, கார்பன் இல்லாமல் ஒன்பது புள்ளி இறக்கம். கறுப்பைத் தனியாக, மாதக் கடைசியில் இரண்டு நாள் மட்டும் ஓட்டலாம் என்று முடிவாம்.

சரிதான், ஆனால் ஒன்று: தொட்டிகளில் முந்தின ஓட்டத்தின் தங்கம் நிற்கும்போதே கறுப்பை விட்டால் அதையும் திருடும். முன்னாலேயே கார்பனைக் கூட்டி வையுங்கள். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் தொட்டியில் மிஞ்சுவது யார் கணக்கு என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். வெளியார் தாதுவைக் கூலிக்கு ஓட்டிய ஒரு ஆலையில் இந்த மிச்சத்துக்காக இரண்டு தரப்பு ஆறு மாதம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மேலதிகாரி என்ன சொன்னார் என்று கேட்டேன். "நான் அப்போதே சொன்னேனே" என்றாராம்.

6 ஆகஸ்ட் 2023

26 மார்ச் குறிப்பில் 2.3 கிலோ என்று போட்டது சயனைடு அயனியா, சோடியம் சயனைடா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சோடியம் சயனைடு. ஒரு செம்புக்கு மூன்று சயனைடு என்று வைத்த கணக்கு. அயனி மட்டும் என்றால் 1.23. சயனைடு அளவைச் சோதித்து எழுதும் டைட்ரேஷன் தாளில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆலையில் இரண்டு ஷிஃப்ட் இரண்டு விதமாக எழுதிக்கொண்டிருந்தது.